டெனெரிஃபில் வெயிலா, மூடுபனியா?

கேள்வி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கிறோம். டிசம்பர் இறுதியில் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபுக்கு ஒரு வாரப் பயணம் செல்ல இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் உடன் வருகிறார்; 68 வயது, சைவம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் ஏழு நாளும் நல்ல வெயில் என்கிறார். அதே வாரம் அதே தீவில் இருந்த இன்னொருவரோ சூரியனையே பார்க்கவில்லை என்கிறார். யாரை நம்புவது? அம்மாவை டெய்டே மலைக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: இருவரையும் நம்பலாம். ஒருவர் தெற்குக் கரையிலும் மற்றவர் வடக்குச் சரிவிலும் அறை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். கேனரித் தீவுகளுக்குப் போகிறவர்கள் எந்தத் தீவு என்று நிறைய யோசிக்கிறார்கள். தீவின் எந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை யோசிப்பதில்லை. வானிலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

இத்தீவுகள் ஸ்பெயினுக்கு உரியவை என்றாலும் இருப்பது ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 28 டிகிரி வட அட்சத்தில். சகாரா பாலைவனத்துக்கு நேர் மேற்கே. ஆயினும் இங்கே பாலைவன வெப்பம் இல்லை. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றும், தீவுகளை ஒட்டி ஓடும் குளிர்ந்த கடல் நீரோட்டமும் வெப்பத்தைத் தணித்துவிடுகின்றன. ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலையின் வடக்குச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதற்கும் மேலே வறண்ட, வெப்பமான காற்று ஒரு மூடியைப் போலப் படர்ந்திருப்பதால் மேகம் அதைத் தாண்டி உயர முடியாமல், பெரும்பாலும் 800 முதல் 1,500 மீட்டர் வரையிலான உயரத்தில் தேங்கி நிற்கிறது. தெற்குப் பக்கம் மலையின் மறைவில் இருப்பதால் அங்கே வானம் தெளிந்து கிடக்கும்.

இதை வடக்கே லா ஒரோதாவாவிலிருந்து காரில் மலையேறும்போது கண்ணாலேயே பார்க்கலாம். கீழே வாழைத்தோட்டங்கள்; ஆயிரம் மீட்டரை நெருங்குகையில் வண்டியின் முகப்பு விளக்கைப் போட வேண்டிய அளவுக்கு மூடுபனி. அங்குள்ள கேனரிப் பைன் மரங்களின் நீண்ட ஊசியிலைகளில் பனித்துளிகள் கோத்து நிற்கும். மழையே பெய்யாதபோதும் மரத்தடி மட்டும் நனைந்திருக்கும். இன்னும் சில வளைவுகள் ஏறினால் திடீரென்று நீல வானம் திறந்துகொள்ளும். திரும்பிப் பார்த்தால் காலடியில் வெண்மேகங்கள் கடலாக விரிந்து கிடக்கும். உள்ளூர்க்காரர்களும் அதை மேகக்கடல் என்றே அழைக்கிறார்கள். லா பால்மா தீவின் உச்சியில் 10.4 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன் பெரும் தொலைநோக்கியை நிறுவியிருப்பதற்கும், மேகத்துக்கு மேலே வானம் தெளிந்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

மேகம் சிக்காத தீவுகளின் கதை வேறு. லான்சரோட்டேயின் மிக உயர்ந்த இடமே 700 மீட்டரை எட்டாது என்பதால் அங்கே மழை மிகக் குறைவு. 1730 முதல் 1736 வரை நீடித்த எரிமலை வெடிப்பு விளைநிலத்தைச் சாம்பலால் மூடியபோது, உழவர்கள் அதில் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடியை நட்டு, காற்றைத் தடுக்க அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். சாம்பல் இரவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பகலில் அது ஆவியாகிவிடாமல் காக்கிறது. என்னைக் கேட்டால், கேனரித் தீவுகளில் மனிதர்கள் செய்த வேலைகளில் பார்க்க வேண்டிய முதல் காட்சி இதுதான். ஒரே வாரத்தில் இரண்டு தீவு என்று ஓடாமல், இதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். அம்மாவின் வசதியைக் கருதித் தெற்குக் கரையில் தங்குங்கள். டிசம்பரில் அங்கே பகலில் 22 டிகிரியை ஒட்டியும் இரவில் 16 டிகிரியை ஒட்டியும் வெப்பம் இருக்கும். குளிர்காலத்தில் வியாபாரக் காற்று தளர்ந்து அட்லாண்டிக் புயல்மழை தெற்கையும் தொடுவதுண்டு என்பதால் மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போக வேண்டாம். விமானச் சீட்டு எடுக்கும்போது டெனெரிஃபில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதைக் கவனியுங்கள். வடக்கு நிலையம் 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மேகம் இறங்கும் இடத்தில் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தது அங்கேதான். அன்றும் ஓடுதளத்தில் மூடுபனி. உங்களுக்கு ஏற்றது 1978இல் திறக்கப்பட்ட தெற்கு நிலையம்.

டெய்டே 3,715 மீட்டர் உயரம். ஸ்பெயினிலேயே உயர்ந்த சிகரம். கேபிள் கார் 2,356 மீட்டரில் புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் 3,555 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். சிக்கல் அந்த வேகத்தில்தான் இருக்கிறது: மெலிந்த காற்றுக்கு உடல் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. இதய, இரத்த நாள நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். எனவே மருத்துவரைக் கேட்காமல் அம்மாவை ஏற்ற வேண்டாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள எரிமலைச் சமவெளி வரை காரில் போவதையும் மருத்துவரிடமே சேர்த்துக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், அச்சமவெளியிலுள்ள கார்சியா பாறைகளின் அருகே நின்றே சிகரத்தை முழுமையாகப் பார்க்கலாம். கடற்கரையில் வியர்த்தாலும் மேலே பனி உறைந்திருக்கக்கூடும். கம்பளிச் சட்டையும் குல்லாவும் காரிலேயே இருக்கட்டும். கேபிள் காரிலிருந்து உச்சிக்கு நடந்துபோக நீங்கள் விரும்பினால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். டெய்டே தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுத்து வரக் கூடாது. குழந்தைகள் உடன் வந்தால் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில், உப்பு நீரில் தோல் சுருங்க வேகவைத்த உருளைக்கிழங்கும் மொஹோ என்னும் பூண்டு, மிளகாய்த் துவையலும் அம்மாவுக்குப் பிடிக்கும். தானியத்தை வறுத்து அரைத்த கோஃபியோ மாவு நம் சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்த குவாஞ்சே மக்களின் உணவு அது. சூப் வகைகளில் மட்டும் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டெய்டே பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் கேபிள் கார் ஓடாது. கலிமா என்னும் சகாராப் புழுதி வந்து இறங்கினால் இரண்டு மூன்று நாட்களுக்கு வானம் பழுப்பாகி மலையே தெரியாது. இரண்டாம் நாள் காலையில் கிளம்பினால், தவறினாலும் மறுபடி முயல நாட்கள் மிச்சமிருக்கும்.