கண்ணை மூடிட்டே இருக்கற பொண்ணுங்க

கேள்வி: பெயின்ட்டோட இலை, மண்ணு, காகிதம்னு பல பொருளைச் சேர்த்துச் செய்யற மிக்ஸட் மீடியா ஓவியங்கள்ல பொண்ணோட கூந்தல் கொடியாகுது, வயித்துல மரம் வளருது. பெண்ணை இயற்கையா காட்டறது அவளுக்குப் பெருமைதானே? இதைப் போய் ஏன் சிலர் குறை சொல்றாங்க?

பதில்: பெருமைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அந்தப் படங்களை இன்னொரு தடவை நல்லா பாருங்க, முக்கால்வாசியில அந்தப் பொண்ணு கண்ணை மூடிட்டு இருப்பா, கை எங்க இருக்குன்னே தெரியாது, பூக்கறது காய்க்கறது பொறுத்துக்கறது தவிர அவளுக்கு வேற வேலையே இருக்காது. மானிடவியலாளர் ஷெர்ரி ஆர்ட்னர் 1974-லயே இதைக் கேட்டாச்சு: பண்பாடுதான் இயற்கையை விட ஒசத்தின்னு சமூகம் நம்பிட்டு இருக்கும்போது, பெண்ணை இயற்கைக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சா அவ ஒரு படி கீழதானே போவா?

அதுக்காக பொண்ணும் இலையும் சேரவே கூடாதுன்னு நான் சொல்லல. மிக்ஸட் மீடியாவுல நிஜ இலையையே ஒட்டலாம், நிஜ மண்ணையே குழைச்சுப் பூசலாம். இலை நாள்பட பழுப்பேறும், ஓரம் சுருளும், மண்ணு காய்ஞ்சு வெடிக்கும், அந்த வெடிப்பு ஒரு கன்னத்துக்குக் குறுக்க ஓடுச்சுன்னா அந்த முகத்துக்கே ஒரு வயசும் வாழ்க்கையும் வந்துடும். இவ்வளவு வசதியைக் கையில வச்சுக்கிட்டு நாலு காஞ்ச பூவை ஒட்டி, தங்கத்தாள் வச்சு, மேல பளபளன்னு வார்னிஷ் அடிச்சு விட்டுடறாங்க பாருங்க, எனக்குக் கோபம் வர்றது அங்கதான். அந்தப் பூவை எடுத்துட்டாலும் படத்துல ஒண்ணும் குறையாது.

பொண்ணையும் மண்ணையும் வேற மாதிரி சேர்த்தவங்களும் இருக்காங்க. கியூபாவுல பிறந்து 12 வயசுல அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கலைஞர் அனா மெண்டியெட்டா, 1973-லேர்ந்து 1980 வரைக்கும் மண்ணுலயும் மணல்லயும் தன் உடம்போட வடிவத்தைப் பதிச்சுட்டே இருந்தாங்க, பூ வச்சு, வெடிமருந்து எரிச்சு, அலை வந்து கரைக்கற மாதிரி கூட. ஓவியம்னு அதைச் சொல்ல முடியாதுதான், ஆனா பிறந்த மண்ணை இழந்த ஒரு பொண்ணு அதுல இருக்கா.

அப்புறம் கென்யாவுல பிறந்த கலைஞர் வங்கேச்சி முட்டு. பழைய மருத்துவப் படங்களை, அதுவும் கர்ப்பப்பைக் கட்டிகளோட படங்களை எடுத்து, அது மேலயே பத்திரிகைலேர்ந்து வெட்டின கண்ணு, உதடு எல்லாம் ஒட்டி, மினுக்குத்தூள் சேர்த்து ஒவ்வொண்ணையும் ஒரு பெண் முகமா ஆக்கினாங்க. அந்த முகங்கள் நம்மள நேரா பார்க்குது. பெண்ணுடம்பே இயற்கைதான்னு கொண்டாடற நீங்க அந்தப் படங்களையும் பாருங்க, கட்டியும் இயற்கைதானே, அதைப் பார்த்தா மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கணும்?