ரிசார்ட் பேட்டரி காரைப் பிள்ளைகள் மோதிவிட்டார்கள்: பில்லை யார் கட்டுவது?

கேள்வி:

வக்கீல் சார், போன மாதம் நாங்கள் மூன்று குடும்பம், பதினோரு பேர், ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டாம் நாள் இரவு பெரியவர்கள் கேம்ப் ஃபயர் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் கேரம் அறையில் இருப்பதாக நினைத்தோம். பதினொன்றரை மணிக்குப் பெரிய சத்தம். உணவகத்து வாசலில் சாவியோடு நின்ற பேட்டரி காரை என் மகன் (15 வயது) ஓட்டியிருக்கிறான். பக்கத்தில் என் அண்ணன் மகன் (19), பின்னால் நாத்தனார் மகள் (13). சரிவில் பிரேக் பிடிக்கத் தெரியாமல் யோகா ஹாலின் கண்ணாடிக் கதவில் மோதிவிட்டான். நாத்தனார் மகளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் மகன் கொஞ்சம் பீர் குடித்திருந்தானாம், என் மகனும் ஒரு வாய் குடித்துப் பார்த்தானாம். அது வேறு விஷயம்.

காலையில் மேனேஜர் 1,85,000 ரூபாய் கேட்டார். வண்டிக்கு 1,20,000, கதவுக்கு 40,000, 'ஒழுங்கீன அபராதம்' 25,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் பெற்றோருக்கு மூன்று வருஷம் ஜெயில் என்றார். எங்கள் கார் சாவியையும் என் கணவரின் ஆதார் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, மீதியைப் பத்து நாளில் தருவதாக எழுதி வாங்கி, 40,000 ஜிபே செய்த பிறகுதான் விட்டார். இப்போது தினமும் போன். கட்ட வேண்டுமா? மகன் மேல் வழக்கு வருமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

– வாசகி, ஈரோடு

பதில்:

'அது வேறு விஷயம்' என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மேனேஜரின் ஜெயில் மிரட்டலைப் பார்த்துவிடுவோம்.

அவர் சொல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சட்டம் 'மோட்டார் வாகனம்' எதுவென்று 2(28)-ம் பிரிவில் சொல்லும்போது, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்பு வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த தனிவகை வண்டிகளை விலக்கிவிடுகிறது. நம்பர் பிளேட் இல்லாமல் அறைக்கும் உணவகத்துக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு திரிகிற பேட்டரி கார் அந்த வகை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அதே வண்டியைப் பையன் கேட்டைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் இறக்கியிருந்தால் பேச்சே வேறு. இன்னொன்று, அந்தப் பிரிவில் 'உரிமையாளர்' என்ற சொல்லும் இருக்கிறது. இந்த வண்டிக்கு உரிமையாளர் யார்? மேனேஜர் அந்த வரியை மட்டும் வாசிக்கவில்லை போலிருக்கிறது.

இனி பணம். மகன் உடைத்தால் அப்பா அம்மா தானாகவே கட்டியாக வேண்டும் என்று நம் சிவில் சட்டத்தில் பொது விதி கிடையாது. பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்த சேதத்துக்கு அவனே பொறுப்பாளி. பெற்றோர் மாட்டுவது அவர்களுடைய சொந்தக் கவனக்குறைவு அதற்கு வழிவிட்டிருந்தால்தான். சாவியை நீங்கள் கொடுக்கவில்லை. ஆனால் இரவு பதினொன்றரைக்குப் பிள்ளைகள் எங்கே என்று ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதை விடமாட்டார். அப்புறம், அறை எடுக்கும்போது உங்கள் கணவர் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடி எடுங்கள். 'குழந்தைகள் செய்யும் சேதத்துக்குப் பெற்றோரே பொறுப்பு' என்று அதில் இருந்தால் அது பெரியவர் போட்ட ஒப்பந்தம். அதைச் செல்லாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

அதற்காகக் கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 73, 74 பிரிவுகள் தருவது உண்மையான நஷ்டத்துக்கு நியாயமான ஈடு மட்டும்தான். கதவுக்குக் கண்ணாடிக் கடை பில் வரட்டும். வண்டிக்கு மெக்கானிக் போட்ட ரிப்பேர் பில் வரட்டும், பல வருஷம் ஓடிய வண்டிக்குப் புது வண்டி விலை ஆகாது. இன்சூரன்ஸில் அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்றும் கேளுங்கள். 'ஒழுங்கீன அபராதம்' 25,000 ரூபாயைப் பொறுத்தவரை ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. அபராதம் போட ரிசார்ட் என்ன கோர்ட்டா?

உங்கள் பக்கம் பலமாக இருப்பது சாவி. பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில், சரிவுப் பாதையில், இரவில் சாவியோடு வண்டியை நிறுத்தியது அவர்களுடைய கவனக்குறைவு. இதோடு முழுக்க ஒத்துப்போகாவிட்டாலும் ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு வந்தவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வேலட்டிடம் (வண்டியை நிறுத்தித் தரும் ஊழியர்) கொடுத்துவிட்டு உள்ளே போனார். அங்கே வந்திருந்த மூன்று பையன்களில் ஒருவன் அந்தச் சாவியை எடுத்துக் காரோடு போய்விட்டான். 'வண்டி உரிமையாளரின் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஓட்டல். தன் கவனக்குறைவை அச்சடித்த வரியால் மூடிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. உங்கள் படிவத்தில் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எத்தனை முறை இருந்தாலும் இதே பதில்தான்.

எழுதிக் கொடுத்த தாளும் 40,000 ரூபாயும்: ஒப்பந்தச் சட்டத்தின் 15-ம் பிரிவு 'கட்டாயப்படுத்துதல்' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, ஒருவரின் பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதையும் சேர்க்கிறது. கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினாரே, அதேதான். பாக்கிக்காகப் பொருளைப் பொதுவாகப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று 171-ம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. வங்கிக்காரர் இருக்கிறார், ஓட்டல்காரர் இல்லை. படிவத்தில் வெளிப்படையாக அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய அவருக்கு அந்த உரிமை கிடையாது. கட்டாயத்தில் எழுதிய ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம் (பிரிவு 19), கட்டாயத்தில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் (பிரிவு 72). ஒரு எச்சரிக்கை: 'போலீஸில் புகார் கொடுப்பேன்' என்று சொன்னதை மட்டும் வைத்து வாதிடாதீர்கள், அது அவருக்கு உள்ள உரிமை. உங்கள் கார் சாவியைப் பிடித்து வைத்ததை முன்வைத்து வாதிடுங்கள்.

ஆனாலும் முழு 40,000-ஐயும் திரும்பக் கேட்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு உடைந்தது உண்மை, உடைத்தது உங்கள் பையன். பில் கேட்டு இந்த வாரமே இமெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். வண்டி வாங்கிய ஆண்டு, ரிப்பேர் பில், கதவுச் செலவு, அன்றிரவு சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஒரு வரி. பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. நியாயமான தொகை 40,000-க்குள் வந்தால் கணக்கு முடிந்தது, மிச்சம் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். அவர்கள் முரண்டு பிடித்தால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சேலத்துக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இந்த அளவுத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். போன் வந்தால் 'எல்லாம் எழுத்தில் அனுப்புங்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும்.

பையன் மேல் வழக்கு வருமா? எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 125(பி)-யில் மூன்று ஆண்டு வரை தண்டனை. 'சும்மா ஒரு ரவுண்டு எடுத்தோம்' என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 1952-ல் ஜோத்பூரில் ஒரு விமானப்படைப் பயிற்சி மாணவர் அனுமதியில்லாமல் விமானத்தையே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கினார். தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டாகலாம் என்று அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உங்கள் மகனுக்கு வயது 15. சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி இது சிறு குற்றம். பொதுவாக எஃப்ஐஆர் போடக்கூடாது, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. குழுமம் பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், அதற்கு அதிகாரம் உண்டு. போலீஸ் கூப்பிட்டால் பையனைத் தனியே அனுப்பாதீர்கள்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்ததாகப் புகார் வந்தால் எஃப்ஐஆர் போட விதி இடம் தருகிறது. உங்கள் அண்ணன் மகனுக்கு 19. வீட்டில் எல்லாரும் 'பசங்க' என்றுதான் சொல்வீர்கள், சட்டத்துக்கு அவன் பெரிய ஆள். பாஸ்போர்ட், வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு என்று இனிதான் அவனுக்கு எல்லாம் வரப்போகிறது.

இப்போது அந்தப் பீர். தமிழ்நாட்டில் மதுவுக்கு வயது 21, ஆகவே அண்ணன் மகனே வாங்கியிருக்கக் கூடாது. அதைவிடப் பெரியது, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கண்ணாடிக் கதவெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. ரிசார்ட் பார் ஊழியர் கொடுத்திருந்தால் அது அவர்கள் தலைமேல் விழும், உங்கள் பேரத்துக்கும் பலம். அண்ணன் மகன் கையிலிருந்து உங்கள் மகன் கைக்குப் போயிருந்தால், நீங்கள் ஆவேசமாக அனுப்பும் நோட்டீஸே அவனுக்கு வினையாகலாம். அதனால் நோட்டீஸுக்கு முன் அண்ணனை ஒரு கிரிமினல் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாத்தனார் மகளின் ஆஸ்பத்திரிச் செலவை யாரும் கேட்பதற்கு முன் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சட்டப்படி அந்தப் பெண்ணுக்கு ரிசார்ட் மேலும் உங்கள் மகன் மேலும் கேட்க வழி உண்டு. ஆனால் அவள் அப்பா போலீஸ் நிலையத்துக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போது உங்கள் எல்லாருக்கும் பெரிய பாதுகாப்பு.

யார் பீர் வாங்கியது, யார் ஊற்றியது என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் விசாரணை நடத்த வேண்டாம். ஏற்கெனவே நடத்தியிருந்தால் அதை இப்போது அழிக்கவும் வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடும்.