தொலைக்காட்சி கேள்வி–பதில்: ஆன் ரோமானோவின் வீட்டில்

நெட்ஃப்ளிக்ஸில் 'ஒன் டே அட் எ டைம்' பார்த்தேன். எழுபதுகளில் வந்த பழைய தொடரும் இதே கதைதானா? (வாசகி, மதுரை)

விவாகரத்தான அம்மா, பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், கூப்பிடாமலே வீட்டுக்குள் நுழையும் ஷ்னைடர். இரண்டுக்கும் பொதுவானது இவ்வளவுதான். 1975 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய பழைய தொடரின் நாயகி ஆன் ரோமானோ. பதினேழு வயதில் கல்யாணமாகி, விவாகரத்துக்குப் பிறகு ஜூலி, பார்பரா என்ற இரு மகள்களோடு இண்டியானாபோலிஸில் வாடகைக்குக் குடியேறுகிறாள். 2017-இல் வந்ததில் லாஸ் ஏஞ்சலஸில் வாழும் க்யூப வம்சாவளிக் குடும்பம். ராணுவ நர்ஸாக இருந்த பெனலோபேக்கு மகள் எலெனா, மகன் அலெக்ஸ்; கூடவே பாட்டி லிடியா. இந்தப் பாட்டிதான் பெரிய வித்தியாசம். ஆனுக்கு வீட்டில் யோசனை கேட்கப் பெரியவர்கள் யாரும் இல்லை. பெனலோபேயோ கேட்காமலே யோசனை கிடைக்கும் வீட்டில் இருக்கிறாள்! பழைய ஷ்னைடர் கட்டடத்தைப் பராமரிக்கும் ஆள், புதியவர் பணக்கார வீட்டு உரிமையாளர்.

அமெரிக்காவில்கூட விவாகரத்தான நாயகி அப்போது புதுமையா? (வாசகர், திருச்சி)

முழுப் புதுமை இல்லை. 1962-இல் தொடங்கிய 'தி லூசி ஷோ'விலேயே விவியன் வான்ஸ் விவாகரத்தான அம்மாவாக வந்தார். ஆனால் நாயகி லூசி, விதவை. 1970-இல் மேரி டைலர் மூரின் தொடரில் நாயகியை விவாகரத்தானவளாக வைக்க எழுத்தாளர்கள் விரும்பினார்கள், சி.பி.எஸ். ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய தொடரில் கணவராக நடித்த டிக் வான் டைக்கையே அவர் விவாகரத்து செய்துவிட்டதாக ரசிகர்கள் நினைப்பார்களோ என்ற பயமும் அதில் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதே சி.பி.எஸ். ஆன் ரோமானோவை ஏற்றுக்கொண்டது. இடையில், யார்மீதும் குற்றம் சுமத்தாமல் விவாகரத்து பெறும் சட்டம் கலிஃபோர்னியாவில் 1970-இல் அமலாகி, மற்ற மாநிலங்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது. தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான விட்னி பிளேக், விவாகரத்துக்குப் பின் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்.

யூடியூபுக்குப் பத்து நிமிட எபிசோடுகள் எழுதுகிறேன். விவாகரத்தான அம்மா, பதினாறு வயது மகள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சிரிப்பே வரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, கோவை)

உங்கள் மகள் பாத்திரம் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். "எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்றால் வசனம் பட்டிமன்றமாகிவிடும். பழைய தொடரின் முதல் எபிசோடில் ஜூலி கேட்பது ஒரே ஒரு அனுமதி: பையன்களும் வரும் முகாமுக்குப் போக வேண்டும். மறுத்தால் அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டல். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். அந்தத் தவிப்பில்தான் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. உங்கள் கதையிலும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் அப்படியொரு கோரிக்கை வந்துவிட வேண்டும். ஒரு எபிசோடுக்கு ஒரு பிரச்சினை, மூன்று காட்சி, ஒரே கூடம் போதும்.

அடுத்து, முன்னாள் கணவர். அவரை வில்லனாக்காதீர்கள். வில்லன் வீட்டுக்குப் போவதாக மகள் மிரட்டினால் யார் நம்புவார்கள்? அம்மாவையும் தியாகச் சுடராக்க வேண்டாம். இரண்டு எபிசோடுக்கு ஒருமுறையாவது அவள் தப்பாக முடிவெடுக்கட்டும்.

மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஷ்னைடரிடம் எல்லா வீட்டுக்கும் சாவி உண்டு, அதனால் சண்டை உச்சத்தில் இருக்கும்போது கதவு திறக்கும். அப்படி வருபவர் ஜோக் அடித்துவிட்டுப் போனால் வீண். அவர் போகும்போது ஒரு ரகசியம் வெளிப்பட்டிருக்க வேண்டும், அல்லது புதிதாக ஒரு குழப்பம் முளைத்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது மாதிரி வருவதற்கு ஒரு காரணமும் கொடுங்கள்.

அழுகைக் காட்சிக்கு முந்தைய நாலைந்து வரிகளில் நகைச்சுவை வேண்டாம், உணர்ச்சி கலைந்துவிடும். அழுகை முடிந்ததும் சின்னதாக ஒன்று போதும். தயாரிப்பாளர் நார்மன் லியரின் குழு ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம்பிடித்தது. நீங்கள் நாலு பேரைக் கூட்டி ஸ்கிரிப்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது. நீங்கள் பென்சிலோடு சிரிப்பு வந்த இடத்தைக் குறியுங்கள். நகைச்சுவைப் பகுதியில் ஒரு பக்கம் முழுக்கக் குறியே இல்லையா? அந்தப் பக்கத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை என்று பொருள். அங்கே ஜோக்கைச் சேர்க்காமல், கோரிக்கையைச் சரிசெய்யுங்கள்.

ஆனுக்குக் கடைசியில் மறுமணம் ஆகிறதா? (வாசகர், சேலம்)

ஆகிறது, அதுவும் சம்பந்தியோடு! இளைய மகள் பார்பராவின் மாமனார் சாம்தான் மாப்பிள்ளை. தனியாகச் சமாளிக்கும் பெண் என்ற முடிச்சு அவிழ்ந்ததும் தொடரின் விறுவிறுப்பும் குறைந்தது என்பது எம் கருத்து. 1984 மே மாதம் நிறைவடைந்தது.