முதலாண்டு வேதியியலை நண்பர்களோடு சேர்ந்து படித்தால் ஏறுமா?

கேட்டவர் இரண்டு கேள்வி வைத்திருக்கிறார். கல்லூரி முதலாண்டு வேதியியலைக் குழுவாகப் படிப்பதில் பயன் உண்டா? குழுவில் ஓசிச் சவாரி செய்கிற ஆளை என்ன செய்வது?

மலேசியாவில், பினாங்கில் படித்த காலத்தில் இந்தக் குழுப் படிப்பில் தோற்றும் இருக்கிறேன், தேறியும் இருக்கிறேன்.

முதல் செமஸ்டரில் நாங்கள் ஆறு பேர். சுங்கை டூவாவில் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), இரவு ஒன்பது மணி, ஆளுக்கொரு தே தாரெக் தேநீர். கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் போட்டுக்கொண்டே போவான். மற்ற ஐந்து பேரும் “ஆங், ஆங்” என்று தலையாட்டியபடி பார்த்து எழுதுவோம். புரிந்த மாதிரியேதான் இருந்தது. தேர்வில் 10 கிராம் ஹைட்ரஜனும் 40 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து நீரானால் எது முதலில் தீரும் என்று கேட்டார்கள். கிராம் குறைவாக இருக்கிறதே என்று ஹைட்ரஜனை எழுதிவிட்டு வந்தேன். கிராமை விட்டு, மூலக்கூறுகளை எண்ணும் மோல் கணக்கில் பார்த்தால் ஆக்சிஜன் அங்கே 1.25 மோல்தான், ஹைட்ரஜன் 5 மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் போதும், ஆக தீர்வது ஆக்சிஜன். கடையில் இதே மாதிரிக் கணக்கை நான்கு முறையாவது ‘செய்திருந்தோம்’. செய்தது அவன், நான் இல்லை. அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடவை நான்கு பேரானோம். ஒவ்வொருவரும் அறையிலேயே தனியாகப் போட்டுப் பார்த்து, தப்போ சரியோ, ஒரு விடையைத் தாளில் எழுதிக்கொண்டுதான் வர வேண்டும். கடைக்கு வந்ததும் பேனா யாருக்கு ரொம்பச் சந்தேகமோ அவர் கையில். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம், பேனாவைத் தொடக்கூடாது. கெட்டிக்காரனுக்கு அது பெரிய தண்டனை, பாவம்.

ஒரு ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. 10⁻⁸ மோலார், அதாவது மிக மிக நீர்த்த, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) என்ன? மூன்று பேர் தாளிலும் 8. மூன்று பேருக்கு ஒரே விடை வந்தால் அப்புறம் என்ன, அடுத்த கணக்குக்குப் போகலாம் என்று நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். கூலிமிலிருந்து வந்த தோழி தாளில் மட்டும் விடை இல்லை, ஒரு கேள்விக்குறி. “புளித்தண்ணில பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டே போனா அது சவுக்காரத் தண்ணியா ஆயிடுமா?” என்றாள். எல்லாரும் சிரித்தோம், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், 8 என்றால் காரம். அமிலத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் காரமாகாதே!

அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது. தண்ணீரே தன் பங்குக்கு 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி (பிஎச் அளப்பது இதைத்தான்) வைத்திருக்கிறது, அமிலம் தந்ததைப் போலப் பத்து மடங்கு. வழக்கமாக அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம். இங்கே எடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் சும்மா கூட்டினால் 6.96. அமிலம் வந்ததும் நீர் தான் அயனிகளாகப் பிரிவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதையும் சேர்த்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98. ஏழுக்குக் கீழேதான். மூன்று பேருக்கு விடை ஒத்துப்போனதில் ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருந்தோம்.

அவள் தமிழில் கேட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாரும் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய், கல்லூரிக்கு வந்தால் ஆங்கிலம். ‘ஈக்விலிப்ரியம்’ (சமநிலை) என்று சொல்லிவிட்டுப் புரியாமலே தப்பித்துக்கொள்ளலாம். “ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நிக்கல” என்று சொல்ல, விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பிற்பாடுதான் படித்தேன்: 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் நன்றாகச் செய்த சீன மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்திருக்கிறார். முதலில் தனியாகப் போடுவார்கள், மாலையில் கூடி ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். பாடம் வேறு, முறை அதேதான். 1990களில் அமெரிக்க வேதியியல் துறைகளில் தொடங்கிய ‘போகில்’ (POGIL) என்ற குழுக் கற்றல் முறையிலும் மூன்று நான்கு பேர் குழுதான். ஒருவர் நடத்துவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் மற்றவர்கள் சார்பில் பேசுவார். ஆறு பேர் என்பது எங்கள் அனுபவத்தில் கூட்டம். இரண்டு பேர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

சரி, ஓசிச் சவாரி. திட்ட வேண்டாம், பேனாவை அவர் கையில் கொடுங்கள். இரண்டே வாரத்தில் படிக்க ஆரம்பிப்பார், இல்லை வராமல் போவார். எங்கள் பழைய குழுவில் ஒருவன் இந்தப் புது ஏற்பாட்டுக்கு வந்து பார்த்தான், இரண்டாம் நாளே பேனாவைக் கண்டு ஓடிவிட்டான். ஆனால் பத்தரை மணிக்கு ரொட்டி சானாய் மேசைக்கு வரும்போது மட்டும் எங்கிருந்தோ சரியாக வந்து உட்கார்ந்துவிடுவான்.