மலைல ஓட்டுற சைக்கிளுக்கு செயின் பராமரிப்பு: கேட்டதும் சொன்னதும்

கூடலூர்ல இருந்து: அண்ணா, ஜூன் வந்தா எங்க பக்கம் மழை நிக்கவே நிக்காது. தினமும் ஆயில் விடுறேன், இருந்தும் செயின் துரு புடிக்குது.

தம்பி, ஆயில் பத்தாம இல்ல, ஈரத்து மேலயே விடுறீங்க பாருங்க, அதான் வினை. வீட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியால செயினைப் புடிச்சுக்கிட்டு பெடலைப் பின்பக்கமா சுத்துங்க, துணில கறுப்பு குறையுற வரைக்கும். நல்லா காய விட்டு அப்புறம் ஒவ்வொரு ரோலர்லயும் (செயின் கண்ணில உருளுற குட்டி உருளை) ஒரே ஒரு சொட்டு, உள்பக்கமா. மழைக்காலத்துக்கு வெட் லூப் (wet lube, ஈரத்துக்குன்னே வர்ற செயின் ஆயில்) வாங்குங்க. ஆயிலுக்கு வேலை ரோலருக்கும் அதுக்குள்ள போற பின்னுக்கும் நடுவுலதான், அதனால பத்து நிமிஷம் ஊற விட்டு வெளிய வழியுறதை எல்லாம் துடைச்சிடணும், நம்மாளுங்க இதைத்தான் செய்யவே மாட்டாங்க, பளபளன்னு இருந்தா நல்லா இருக்குன்னு நெனைப்பு, அந்தப் பளபளப்பு மொத்தமும் மண்ணைப் புடிச்சு வைக்கத்தான் ஆகும்.

ஊட்டி: தேங்காய் எண்ணெய் விடலாமா சார்?

உங்க ஊர்ல காலைல அது பாட்டிலுக்குள்ளயே உறைஞ்சுதானே கிடக்கும் மேடம்! 24 டிகிரிக்கு கீழ போனாலே கெட்டியாகிடும். மத்த சமையல் எண்ணெயும் நாள்பட பிசின் மாதிரி ஒட்டும். அவசரம்னா தையல் மெஷின் எண்ணெய் ஓகே, ஆனா ஒரு மழைக்குத் தாங்காது.

கோத்தகிரி: நீலகிரித் தைலம் போட்டா கிரீஸ் போயிடும்னு மாமா சொல்றார், நெசமாவா?

மாமா சொல்றது சரிதான், போகும். ஆனா தைலம் விக்கிற விலைக்கு அதை சளி புடிச்சா தேய்க்க வெச்சுக்கோங்க, செயினுக்கு மண்ணெண்ணெய் இல்லனா டீசல் கொஞ்சம் போதும். பெட்ரோல் வேணாம், தீ புடிக்கும். மாஸ்டர் லிங்க் (கழட்டி மாட்டுற தனி கண்ணி) இருந்தா செயினைக் கழட்டி டப்பால போட்டு குலுக்குங்க, பிறகு சோப்புத் தண்ணில அலசி காய வைங்க. டிஸ்க் பிரேக்ல ஒரு துளி பட்டாலும் பிரேக் புடிக்காது, நம்ம இறக்கத்துல அது விளையாட்டு இல்ல. அழுக்கு மண்ணெண்ணெயைத் தயவுசெஞ்சு ஓடைல ஊத்தாதீங்க, கீழ யாரோ அதைத்தான் குடிக்கிறாங்க.

குன்னூர்: டபிள்யூடி-40 ஸ்ப்ரே, அந்த நீல டப்பா, அடிச்சா போதுமா?

துரு, அழுக்கு எடுக்க அடிங்க. அது செயின் ஆயில் இல்ல, அப்புறம் ஆயில் விட்டே ஆகணும்.

மசினகுடி: ப்ரோ, கல்லட்டி ஏத்தத்துல 36 கொண்டை ஊசியும் ஏறுறேன், நின்னு மிதிச்சா செயின் டக்குனு பல்லு தாண்டுது.

தேய்மானமா இருக்கும் ப்ரோ, அளந்து பாருங்க. புது செயின்ல ஒரு பின்னுல இருந்து எண்ணி 24 பின் தள்ளிப் போனா சரியா 12 இஞ்ச் வரும். அது 1/16 இஞ்ச் கூடியிருந்தா செயினை மாத்துற நேரம், 1/8 கூடியிருந்தா பின்னாடி பல்சக்கரமும் சேர்ந்து தேஞ்சிருக்கும், அப்ப புது செயின் மட்டும் போட்டீங்கன்னா இன்னும் அதிகமா தாண்டும், கடைக்காரர் மேல கோவப்படாதீங்க. கியர் வண்டின்னா ஏத்தத்துல முன்னாடி பெருசு பின்னாடி பெருசுன்னு போட்டு செயினைக் கோணலா இழுக்காதீங்க, முன்னாடி சின்னதுக்கு மாறிக்கோங்க.

கோத்தகிரி ரோடு, இன்னொருத்தர்: கார் வாஷ்ல குடுத்து பிரஷர்ல அடிக்கச் சொல்லலாமா?

வேணாங்க. ஹப்பு (சக்கரத்து நடு), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுத்துற இடம்) பேரிங்குக்குள்ள தண்ணி ஏறிடும், கிரீஸும் போயிடும். ஒரு வாளி தண்ணி, பழைய டூத் பிரஷ், அவ்ளோதான் செலவு.