‘மா’: மாங்கா முதல் மாகாணி வரை

‘மா’ என்ற ஓரெழுத்துச் சொல்லைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? வந்த கேள்விகளில் சிலவற்றுக்குத் தக்கலையில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பதில்.

கொல்லங்கோடு: சாரே, பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மச்சி முற்றத்து மரத்தைக் காட்டி ‘மாவு’ன்னு சொல்லுவாங்க. மாவுன்னா தோசைக்கு ஆட்டுறதுதானே?

அம்மச்சி சொன்னதும் சரி, நீங்கள் ஆட்டுவதும் சரி. மலையாளத்தில் மரமும் மாவு, அரைத்ததும் மாவு. பழந்தமிழிலும் இரண்டுக்கும் ‘மா’தான். பிற்பாடு நாம் அரைத்ததை ‘மாவு’ என்றோம். மரத்துக்குப் பின்னால் ஒரு ‘மரம்’ ஒட்டி ‘மாமரம்’ ஆக்கிவிட்டோம்.

காய்க்குத்தான் பெரிய யோகம். மாவின் காய் மாங்காய். நம் வாயில் மாங்கா, மலையாளத்தில் மாங்ங. மேலைக் கடற்கரைக்கு மிளகு தேடி வந்த போர்ச்சுக்கீசியர் காதில் அது ‘மங்கா’ என்று விழுந்தது. அங்கிருந்து ஐரோப்பா போய் ஆங்கிலத்தில் ‘மாங்கோ’. மலாய்க்காரர்களுக்கும் ‘மங்கா’தான். இதில் ஒரு வேடிக்கை: பழுத்துச் சாறு வடியும் செங்கவருக்கை மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகமே அதைக் ‘காய்’ என்கிறது! இந்தி ‘ஆம்’ இந்த வழியில் வந்ததில்லை. அது சமஸ்கிருத ‘ஆம்ர’த்தின் பிள்ளை.

நாகர்கோவில்: சீன மொழியில் ‘மா’ என்றால் குதிரை. தமிழிலும் மா குதிரை. அப்போ சீனருக்கும் நமக்கும் பழைய உறவா?

இந்தக் கேள்வியை மட்டும் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். திருக்குறள் 814-ஐப் பாருங்கள்: “அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார்”. போர்க்களத்தில் நடுவழியில் வீரனைத் தள்ளிவிட்டு ஓடும் பழக்காத குதிரை போன்ற கூட்டாளிகள், அவர்களைவிடத் தனிமையே மேல் என்கிறார் வள்ளுவர். ஆனால் தமிழ் ‘மா’ குதிரையோடு நிற்பதில்லை, யானைக்கும் வரும், பொதுவாக விலங்குக்கும் வரும். சீனத்து மா குதிரை மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி ஏற்றிச் சொன்னால்தான். அதே ‘மா’வை உயரத்தில் சமமாக இழுத்தால் அம்மா, மேலே ஏற்றினால் சணல், சட்டென்று இறக்கினால் திட்டு. குரலைக் கவனிக்காமல் பேசினால் அம்மாவைக் குதிரை என்று சொல்லிவிடுவீர்கள்.

இன்னொன்று: சீனத்தில் வாக்கியக் கடைசியில் ‘மா’ போட்டால் கேள்வி. நாமும் “வேணுமா? வருமா?” என்கிறோம். ஆனால் நம்முடையது ‘வரும்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தது. அந்த ‘மா’வில் பாதிதான் கேள்வி. ஓரெழுத்து ஒத்துப்போனதற்கெல்லாம் சம்பந்தம் பேசினால் உலகத்தில் அந்நியன் என்று ஒருத்தனும் மிஞ்சமாட்டான். மாங்காய்க்குக் கப்பல் இருக்கிறது, வழி இருக்கிறது. குதிரைக்கு என்ன சாட்சி?

களியக்காவிளை: நம்ம ‘மக்கா’, ‘மக்களே’ எல்லாம் இந்த மாவிலிருந்து வந்ததா?

இல்லை மக்கா. அது மகன், மகள், மக்கள் என்கிற குடும்பம். ஒரே ஒரு பயலைப் பார்த்து “மக்களே, எங்கே போறே?” என்று பன்மையில் கேட்கிற ஊர் நம்முடையது. “மாவும் மாக்களும் ஐயறி வினவே” என்று விலங்கோடு சேர்த்து, “மக்கள் தாமே ஆறறி வுயிரே” என்று பிரித்தார் தொல்காப்பியர். காலை நீட்டினால் ஓர் அறிவு குறையும், கவனம்!

குளச்சல்: துபாயில் இருந்தப்போ ‘ஃபுலூஸ் மாஃபி’ என்பார்கள். அந்த மா?

பணம் இல்லை என்பது. ‘ஃபீ’ என்றால் இருக்கிறது, முன்னால் ‘மா’ வந்தால் இல்லை. அரபியில் ‘என்ன’ என்று கேட்கவும் மா. தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே சொல், முடிவில் தொண்டையை ஒரு பிடி பிடிக்க வேண்டும். சமஸ்கிருதத்திலும் ‘மா’ மறுப்பு: வேடனைச் சபித்த வால்மீகியின் சுலோகம் “மா நிஷாத” என்றே தொடங்குகிறது. அதற்குக் கிரேக்கத்தில் ‘மே’ என்று உடன்பிறப்பு உண்டு. அரபி மாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முட்டம்: எல்லா மொழியிலும் அம்மாவுக்கு ‘மா’ வருவது எப்படி?

எல்லாவற்றிலும் இல்லை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’. ஆனாலும் பெரும்பாலான மொழிகளில் அம்மாவுக்கு மகரம் வருவது உண்மை. பால் குடிக்கிற குழந்தைக்கு வாய் மூடியிருக்கும், மூக்கு வழியாக ‘ம்ம்’ என்றுதான் முனக முடியும். பிறகு பசித்தாலும் அதே முனகல், வந்து நிற்பவள் தாய். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் சொன்ன விளக்கம் இது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

இரணியல்: வேறு மொழிகளில்?

இத்தாலியனில் ‘ஆனால்’. ஹங்கேரியனில் ‘இன்று’. போலிஷில் ‘அவனிடம் உண்டு’. ஃபின்னியத்தில் ‘மா’ நிலம். உடனே நம் மாநிலத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், அந்த ‘மா’ பெரியது என்ற பொருளில் வந்தது.

தோவாளை: தஞ்சாவூர் சம்பந்தி ‘மூணு மா நிலம்’ என்கிறார். எவ்வளவு?

ஏறத்தாழ ஒரு ஏக்கர். நாஞ்சில் நாட்டில் நாம் விதைக்கிற நெல்லின் அளவை வைத்துக் கோட்டை, மரக்கால் விதைப்பாடு என்று வயலைச் சொல்வதால் இது புதிதாகக் கேட்கிறது. பழைய கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. இருபது மா ஒரு வேலி. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று, அதுதான் பாட்டி சொல்லும் மாகாணி. சம்பந்தியிடம் அரைமா எவ்வளவு என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.