வேதாரண்யம் எப்படிப்பட்ட ஊர்? எப்போது போனால் என்ன பார்க்கலாம்?

கோயிலையும் கோடியக்கரையையும் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். அவர்களில் பலர் தவறான மாதத்தில் போய்விட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்பார்கள். வேதாரண்யம் மழையை வைத்து நடக்கிற ஊர். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பளத்தை மூடும், அதே மழை சதுப்பு நிலத்துக்குப் பறவைகளைக் கொண்டுவரும். இரண்டையும் ஒரே பயணத்தில் முழுதாகப் பார்க்க முடியாது.

முதலில் உப்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான்: அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பக்கம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளில் தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வழித்து, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும், உப்பு பழுப்பாகிவிடும், விலை போகாது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரிதான். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்தால் முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொடுவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். அப்படி விளைந்த உப்பு கசக்கும், மூட்டையிலேயே நீர் விட்டுக்கொண்டிருக்கும்.

கோடையில் ஒரு மணி நேரம் மழை அடித்தாலே பாத்தியில் பூத்தது கரைந்துவிடும். மேலே நிற்கும் நன்னீரை உடனே வடித்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். இல்லையென்றால் மறுபடி வெயிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மாசியிலிருந்து ஆவணி வரை போனால் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களைப் பார்க்கலாம். வேலை விடியற்காலையில் நடக்கும், பத்து மணிக்கு மேல் வெறும் கண்ணால் பாத்தியைப் பார்க்கவே கூசும்.

உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஊரும் இதுதான். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார்கள், 30ஆம் தேதி தடையை மீறி உப்பு எடுத்தார்கள். வழியில் சோறு போடுபவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்ததால், மக்கள் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். ஊரில் இருந்து ஏற்பாடு செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. நினைவுத்தூண் அகஸ்தியன்பள்ளியில் இருக்கிறது.

பறவைக்குப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கேதான் கரை சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கிறது. இங்குள்ள வனவிலங்கு சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் ஆழம் குறைந்த உவர்நீரில்தான் மேயும். மழை அதிகமாகி நீர் மட்டம் ஏறினால் தள்ளிப் போய்விடும். நல்ல மழை பெய்த வருடம் என்றால் பறவையும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வெளிமான்களைப் பார்க்க அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு காலையிலோ மாலையிலோ புல்வெளிப் பக்கம் போனால் போதும். கூடவே மேயும் குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. பார்க்க அழகுதான், ஆனால் மானோடு புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி போடுகின்றன, சீமைக்கருவேல நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புகின்றன.

கோயிலில் அவசரப்படாமல் நில்லுங்கள். அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்ததாகச் சொல்லும் கதவுத் தலம் இது. தியாகராஜர் வீற்றிருக்கும் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. இங்குள்ள சரசுவதி கையில் வீணை கிடையாது: அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள் அல்லவா!

ஊரைச் சுற்றி மணற்பாங்கான நிலம், தென்னையும் மாவும் மல்லிகையும். மல்லிகை பங்குனி முதல் ஆனி வரை கொட்டும், பனி விழுந்தால் வரத்து சுருங்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்த கஜா புயல் தோப்புகளை வேரோடு சாய்த்தது. புஷ்பவனம் கரையில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. நெட்டைத் தென்னை காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும் என்பதால், பலருக்கு அந்த நஷ்டம் ஒரு வருடத்தோடு முடியவில்லை.

மீன் வாங்க ஆறுகாட்டுத்துறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் ஏறியிருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி 37 கிலோமீட்டர் ரயில் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. சேவை குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கோடியக்கரைக்குக் குடிநீரும் சாப்பாடும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவது நல்லது.